வேடம் என்னும் சிற்பம்

உடை உடலைக் காக்கிறது. அணி உடலுக்கு அழகு சேர்க்கிறது. வேடமோ உடலையே வேறொன்றாக மாற்றிவிடுகிறது. மனிதன் ஒருவன் அன்னமாகவோ கழுகாகவோ, வானர வீரனாகவோ வனத்து அரக்கியாகவோ நம் கண்முன் தோன்றவேண்டுமாயின், துணியும் வண்ணமும் மட்டும் போதா. மரமும் நாரும் பாளையும் மாவும் பீலியும் கொண்டு அவன் உடலின்மீது புதியதோர் உருவத்தைக் கட்டி எழுப்ப வேண்டும். அவ்வாறு எழுப்பப்படும் வேடம் ஒருவகையில் சிற்பமே ஆகும். கல்லில் வடித்த சிற்பம் நிறுத்திய இடத்தில் நிற்கும். இச்சிற்பமோ மூச்சு விடும், வியர்க்கும், விடிய விடிய ஆடும். இக்கலையின் அருமைக்கும் அதன் இடர்ப்பாடுகளுக்கும் இவ்வேறுபாடே காரணம்.

இதனை ஆராய்வதற்குக் கொச்சியைச் சேர்ந்த மட்டாஞ்சேரியைவிடத் தக்க இடம் காண்பது அரிது. மிளகும் இஞ்சியும் குவிந்த பண்டகசாலைகளும், குஜராத்தியர், கொங்கணியர், யூதர், தமிழர் எனப் பல திறத்தாரும் அடுத்தடுத்து வாழ்ந்த தெருக்களும் கொண்ட ஊர் அது. அங்குள்ள அரண்மனையைப் போர்த்துகீசியர் 1555-ஆம் ஆண்டு வாக்கில் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்தனர். பின்னர் டச்சுக்காரர் அதனைப் பழுது பார்த்துப் புதுப்பித்தமையால் 'டச்சு அரண்மனை' என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. அதன் பள்ளியறைச் சுவர்களில் இராமாயணக் காட்சிகள் இடைவெளியின்றித் தீட்டப்பட்டுள்ளன. அவ்வுருவங்களின் அகன்ற முடிகளையும், நீண்ட விழிகளையும், தோளிலும் மார்பிலும் செறிந்த அணிகளையும் நோக்குவோர்க்குக் கதகளியின் நினைவு வாராதிராது. சுவரோவியத்துக்கும் கதகளி வேடத்துக்கும் உள்ள இவ்வொப்புமையைக் கலை ஆராய்ச்சியாளர் பலர் எடுத்துக் காட்டியிருக்கின்றனர்.

ஆயினும் ஓவியனுக்கு இல்லாத கவலை ஒன்று வேடம் அமைப்பவனுக்கு உண்டு. ஓவியன் எத்துணைப் பெரிய முடியையும் ஒரு கோட்டினால் தலைமேல் ஏற்றிவிடலாம்; அதன் பாரத்தைச் சுவர் தாங்கிக்கொள்ளும். வேடம் அமைப்பவனோ அதே முடியை ஒரு மனிதனுடைய கழுத்தின்மேல் நிறுத்த வேண்டும். அம்மனிதன் திரும்ப வேண்டும், குதிக்க வேண்டும், கண்ணிமையின் சிறு அசைவாலும் கருத்தை உணர்த்த வேண்டும். ஆகவே, தோற்றத்தில் பெருமை, எடையில் எளிமை என்னும் இவ்விரண்டையும் ஒருங்கே அடைவது எவ்வாறு என்பதே இக்கலையின் அடிப்படை வினா.

நம் முன்னோர் இவ்வினாவை நெடுங்காலமாக எண்ணி வந்துள்ளனர். பரதருடைய நாட்டிய சாத்திரம் நால்வகை அபிநயங்களுள் ஒன்றாக ஆகாரியத்தைக் கூறுகிறது. புறத்தேயிருந்து கொண்டு சேர்ப்பது என்பது அதன் பொருள். உருவமைப்புப் பொருள்களைச் செய்தல், அணி புனைதல், உடலுக்கு வண்ணந் தீட்டுதல், உயிரினங்களை அரங்கில் காட்டுதல் என அதனையும் நான்காகப் பகுக்கிறது. தமிழ் மரபிலும் இதற்குச் சான்று உண்டு. சங்கப் பாடல்கள் தழையுடையைப் பலகாலும் பேசுகின்றன. இலையும் மலரும் அக்காலத்து உடையாகவே விளங்கின. சிலப்பதிகாரத்து நடுகற் காதையிலோ, பறையூரைச் சேர்ந்த கூத்தச் சாக்கையன் என்பான் சேரன் செங்குட்டுவனுக்கு முன்னே கொட்டிச்சேதம் என்னும் கூத்தை ஆடிய செய்தி வருகிறது. ஒரே உடலில் ஒருபாதி சிவனாகவும் மறுபாதி உமையாகவும் நின்று, ஒரு பாதியின் அணிகள் அசைய மறு பாதியின் அணிகள் அசையாதிருக்க ஆடிய கூத்து அது. வேடத்தின் நுட்பமும் உடலின் பயிற்சியும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. சாக்கியார் மரபினர் கேரளத்தில் இன்றும் கூத்தும் கூடியாட்டமும் நிகழ்த்தி வருகின்றனர்.

வேற்று மாநிலத்தில் வாழும் தமிழன்பர்கள் கதகளியைத் தமக்கு அயலானதொரு கலை என எண்ணக்கூடும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இவ்விடத்தில் இனிய வியப்பொன்று காத்திருக்கிறது. கதகளி வேடங்களின் பெயர்களை எடுத்துக்கொள்வோம்: பச்சை, கத்தி, தாடி, கரி, மினுக்கு. இவற்றுள் எதனை மொழிபெயர்ப்பது? நற்பண்புடைய வீரர்க்கு முகத்தில் இலையின் நிறம், ஆதலின் பச்சை. செருக்குடைய அரக்க மன்னர்க்கு மீசையும் கன்னக்கோடும் மேல்நோக்கி வளைந்த கத்தியின் வடிவில் அமைவன; ஆதலின் கத்தி. சிவப்பு, வெள்ளை, கறுப்பு என மூவகைத் தாடிகள் உண்டு. காட்டு வேடனும் அரக்கியும் கரி பூசியவர்கள். முனிவரும் மகளிரும் ஒளிபெற மினுக்கியவர்கள். தலையணிக்கு முடி என்றும், இடுப்பில் துணியைச் சுற்றிக் கட்டுவதற்கு உடுத்துகெட்டு என்றும் பெயர். சொற்கள் நம்முடையவையாக இருக்கும்போது, அச்சொற்கள் குறிக்கும் பொருளும் நமக்கு நெடுந்தொலைவில் இருக்க இயலாது.

கதகளியின் முன்னோடி இராமனாட்டம். அதனைத் தோற்றுவித்தவர் கொட்டாரக்கரைத் தம்புரான் என்றும், இராமாயணம் முழுவதையும் எட்டு நாள் ஆடும் கதைகளாக அவர் அமைத்தார் என்றும் கூறுவர். அதற்கு இணையாகக் கோழிக்கோட்டுச் சாமூதிரி மன்னர் மானவேதன் 17-ஆம் நூற்றாண்டில் அமைத்த கிருஷ்ணனாட்டம் இன்றும் குருவாயூரில் நடைபெறுகிறது. அதில் சில பாத்திரங்களுக்கு மரத்தால் செய்த முகமூடி உண்டு. தொடக்கத்தில் இராமனாட்டத்திலும் பாளையால் செய்த முகமூடிகள் வழங்கின என்பது மரபு. முகமூடி உருவத்தைத் தரும். ஆனால் முகத்தின் உயிரைப் பறித்துவிடும். கன்னம் துடிப்பதும் உதடு நடுங்குவதும் அதன் பின்னே மறைந்துபோகும். எனவே பிற்கால ஆசிரியர்கள் முகமூடியை நீக்கி முகத்தின்மேலேயே உருவம் படைக்கத் துணிந்தனர். 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கப்ளிங்காட்டு நாராயணன் நம்பூதிரி ஒப்பனையிலும் முடியிலும் செய்த சீர்திருத்தங்கள் இவ்வகையில் சிறப்பாகப் பேசப்படுகின்றன. முகமூடியின் பெருமிதமும் வேண்டும், முகத்தின் உயிரும் வேண்டும் என்ற அவாவின் விளைவே 'சுட்டி' என்னும் அரிய வேலைப்பாடு.

சுட்டி குத்தும் முறையைச் சிறிது விரிவாகக் காண்போம். ஒப்பனை மூன்று படிகளைக் கொண்டது. முதலாவது தேப்பு. நடிகர் கண்ணாடியைக் கையில் கொண்டு, தம் முகத்தில் தாமே கோடுகளையும் அடிப்படை வண்ணத்தையும் தீட்டிக்கொள்கிறார். இரண்டாவது சுட்டி. நடிகர் பாயின்மேல் மல்லாந்து படுத்திருக்க, சுட்டிக் கலைஞர் அவர் தலைமாட்டில் அமர்ந்து, அரிசி மாவும் சுண்ணாம்பும் கலந்த பசையால் தாடையின் ஓரமாக வெண்ணிற வரம்பு ஒன்றை எழுப்புகிறார். ஒரு வரி இட்டு, அது காய்ந்தபின் அதன்மேல் மறுவரி இடவேண்டும். பண்டைய நாளில் வரம்பு முழுவதும் மாவினாலேயே எழுந்தது. 20-ஆம் நூற்றாண்டில், பிறைவடிவாக வெட்டிய வெள்ளைத்தாளை மாவுவரம்பில் பொருத்தும் வழக்கம் வந்து வேலையின் நேரத்தைக் குறைத்தது. அங்ஙனம் குறைந்தும், பெரிய வேடங்களுக்குச் சில மணி நேரம் ஆகவே செய்கிறது. மூன்றாவது படி, முகவேலை முற்றிய பின்னர் உடையும் முடியும் அணிதல்.

அவ்வெண்ணிற வரம்பு எதற்காக என்ற ஐயம் எழலாம். கதகளி மின்விளக்குக்காகப் பிறந்த கலையன்று. அரங்கின் முன்னே வைத்த ஒரு பெரிய வெண்கல விளக்கே அதன் ஒளி. தேங்காய் எண்ணெயில் எரியும் சுடர் காற்றில் அசையும். அதற்கேற்ப நிழலும் அசையும். அந்த ஒளியில் முகம் தனித்துத் தெரியவேண்டுமானால் அதைச் சுற்றி வெண்மையான கரை வேண்டும். மேலும், அகன்ற முடிக்கும் விரிந்த உடைக்கும் இடையே இயற்கையான மனித முகம் மிகச் சிறியதாகத் தோன்றிவிடும். சுட்டி அம்முகத்தைப் பெரிதாக்கி, ஏனைய உறுப்புகளோடு அளவொத்ததாகச் செய்கிறது. தாமரை இதழ் மலரைச் சூழ்ந்து நிற்பதுபோல் அது முகத்தைச் சூழ்ந்து நிற்கிறது. கன்னமும் கண்ணும் புருவமும் உதடும் உள்ளே தடையின்றி இயங்குகின்றன.

வண்ணங்களைப் பற்றியும் அறியவேண்டுவன உண்டு. மஞ்சளுக்கு மனையோலை, நம் நாட்டு மருந்துக்கடைகளில் அரிதாரம் எனப்படும் கனிப்பொருளே அது. அதனுடன் நீலம் சேர்த்தால் பச்சை கிடைக்கும். சிவப்புக்குச் சாதிலிங்கம். இவற்றைக் கல்லில் நெடுநேரம் அரைத்துத் தேங்காய் எண்ணெயில் குழைப்பர். கறுப்புக்குக் கண்மை. கண்ணின் வெண்மையைச் செந்நிறமாக்குவதற்குச் சுண்டைச் செடியினத்தின் பூவிலிருந்து எடுத்த சிறு விதை போன்ற பகுதியைக் கையில் தேய்த்து இமைக்குள் இடுவர். சிவந்த விழி விளக்கொளியில் நெடுந்தூரத்துக்குத் தெரியும். இங்கே எச்சரிக்கை ஒன்று கூறாமல் மேற்செல்லலாகாது. அரிதாரம் ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த பொருள். சாதிலிங்கம் பாதரசமும் கந்தகமும் சேர்ந்த பொருள். பழகிய கலைஞர் கையாளும் இவற்றைப் பள்ளி விழாவில் சிறுவர் முகத்தில் பூச முற்படுவது பெருந்தவறாகும். மரபைப் போற்றுதல் என்பது அதன் நஞ்சையும் சேர்த்து உண்ணுதல் ஆகாது.

இனி முடியைக் காண்போம். பச்சைக்கும் கத்திக்கும் உரிய கேசபாரக் கிரீடம், கூம்பிய முடியும் அதன் பின்னே வட்டமான பிரபையும் உடையது. அதனைக் குமிழ மரத்தில் செதுக்குவர். குமிழ மரம் எடை குறைந்தது, எளிதில் செதுக்கத் தக்கது. செதுக்கிய மரத்தின்மேல் பொன்னிறத் தகடும் வண்ணக் கற்களும் பதிப்பர். மயிற்பீலித் தண்டின் வெள்ளிய பளபளப்பையும் பயன்படுத்துவர். நம் தெருக்கூத்தினர் கிரீடத்துக்கும் புஜக்கட்டைக்கும் கலியாண முருங்கையைத் தேர்ந்ததும் இதே நோக்கத்தினால்தான். தென்னாற்காட்டுக் கைவினைஞரும் கொச்சி நாட்டுத் தச்சரும் ஒருவரை ஒருவர் கலந்து பேசி இம்முடிவுக்கு வரவில்லை. இரவு முழுதும் ஆடவேண்டிய கழுத்தும் தோளும் அவர்கள் இருவருக்கும் ஒரே பாடத்தைக் கற்பித்தன.

இடுப்புக்குக் கீழே விரியும் உடையின் சிறப்பும் எடுத்துக் கூறத்தக்கது. கஞ்சி ஏற்றி விறைப்பாக்கிய துணித்துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கயிற்றில் செறித்து இடுப்பைச் சுற்றிக் கட்டுவர். அதன்மேல் நெருங்கக் கொசுவிய வெளியாடை அமையும். உள்ளே இரும்புக் கம்பியும் இல்லை, மூங்கில் வளையமும் இல்லை. அரிசிக் கஞ்சியே எலும்பாக நிற்கிறது. நடிகர் முழங்கால்களை அகல விரித்து, பாதத்தின் வெளியோரத்தில் ஊன்றி நிற்கும் நிலைக்கு அவ்வாடை கூடாரம்போல் பொருந்துகிறது. ஆடையைக் கண்டு நிலை பிறந்ததா, நிலையைக் கண்டு ஆடை பிறந்ததா என்று பிரித்தறிய இயலாதபடி இரண்டும் ஒன்றாயின. கஞ்சியைப் பற்றிப் பேசும்போது, கோட்டைக் கொச்சியில் வேளி என்னும் பகுதியிலுள்ள சலவைக்கூடத்தை நினையாதிருக்க முடியாது. டச்சுக்காரரின் படைவீரர் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழகத்திலிருந்து வரவழைக்கப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் அங்கே துணி வெளுத்து, கஞ்சியிட்டு, கயிற்று முறுக்கில் செருகி உலர்த்தும் காட்சி பலரையும் கவர்வது. துணிக்குக் கஞ்சியால் உருவம் தரலாம் என்னும் அறிவு, அரங்கத்துக்கு மட்டுமன்றி இத்தகைய உழைப்பாளர் கைகளுக்கும் உரியது.

இயற்கையை வேடமாக்குவதன் நுட்பத்தைப் பறவை வேடங்களில் தெளிவாகக் காணலாம். உண்ணாயி வாரியர் இயற்றிய நளசரிதம் நான்கு நாள் ஆடப்படும் கதை. அதன் முதல் நாளில் பொன்னிற அன்னம் வருகிறது. புகழேந்தியின் நளவெண்பாவைப் படித்த தமிழர்க்கு அவ்வன்னம் பழைய தோழமை உடையது. கதகளியில் அன்னமாக வரும் நடிகருக்கு அலகும் சிறகும் உண்டு. முடியும் அணிகளும் உண்டு. ஆனால் பறவையின் உடலை அப்படியே செய்து அதற்குள் மனிதனை அடைப்பதில்லை. அலகு ஒன்று, சிறகு இரண்டு என்னும் மூன்று அடையாளங்களால் பறவை என்னும் எண்ணத்தைத் தோற்றுவித்து, எஞ்சிய அனைத்தையும் நடிகரின் நடையும் கழுத்தசைவும் நிறைவு செய்ய விட்டுவிடுகின்றனர். அலகு வாயை மறைத்து விடுவதால் கண்ணுக்கும் கைக்கும் பொறுப்பு மிகுகிறது. சீதையைக் காக்கப் போரிட்டு வீழும் சடாயுவின் வேடமும் இம்முறையைச் சார்ந்ததே. அங்கும் சிறகின் வெட்டுண்ட துயரத்தைக் காட்டுவது மரமோ துணியோ அன்று. அதனைச் சுமந்த தோள்.

எர்ணாகுளம், கோட்டயம் மாவட்டங்களில் பகவதி கோயில் விழாக்களில் கருடன் பறவை என்னும் ஆட்டம் நடைபெறுகிறது. கூரிய அலகும் விரிந்த சிறகும் கொண்ட கருட வேடத்தினர் அணியணியாக ஆடிவருவர். பத்தனம்திட்டைப் பகுதியின் படையணியிலோ, பச்சைக் கமுகம்பாளையே உடலும் உருவமும் ஆகிறது. பாளையின் பச்சைத் தோல் ஒரு நிறம். அதைச் சீவினால் வெளிப்படும் வெண்மை மற்றொரு நிறம். கரியும் செங்கல்லும் மஞ்சளும் எஞ்சிய நிறங்கள். நூற்றொரு பாளை கொண்டு கட்டும் பைரவிக் கோலம் ஆளுயரத்தை விஞ்சி நிற்கும். அக்கோலம் ஒரே இரவுக்கு உரியது, விடிந்தால் வாடிவிடும். ஓணக் காலத்தில் திருச்சூரில் கும்மாட்டி ஆடுவோர் பர்ப்படகம் என்னும் புல்லைக் கற்றை கற்றையாக உடல் முழுதும் கட்டிக்கொண்டு, மரத்தில் செதுக்கிய முகமூடி தரித்து வருவர். கோட்டயம், ஆலப்புழைப் பகுதிகளின் அர்ச்சுன நிருத்தத்தில் மயிற்பீலிகளைத் தொடுத்து இடுப்பில் பாவாடைபோல் கட்டுவர். அதனால் அதற்கு மயிற்பீலித் தூக்கம் என்றே பெயர் வழங்குகிறது. நம் மயிலாட்டமும் காளையாட்டமும் பொய்க்கால் குதிரையும் இவற்றுக்கு அண்ணன் தம்பி முறையினவே.

இவ்வெடுத்துக்காட்டுகளை ஒருங்கே நோக்கினால் சில நெறிகள் புலப்படுகின்றன. முதலாவது, இயற்கையில் உள்ள அனைத்தையும் படியெடுக்கலாகாது. கண்டவுடன் இன்னதென்று அறியச் செய்யும் ஓரிரு உறுப்புகளைத் தேர்ந்து, அவற்றைப் பெரிதாக்க வேண்டும். இரண்டாவது, பாரத்தை எங்கே ஏற்றுவது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். மனித உடலில் சுமை தாங்கும் இடங்கள் இடுப்பு, தோள், தலை என மூன்றே. அவற்றுள் தலைக்கு ஏற்றுவது மிகக் குறைந்ததாக இருத்தல் நன்று. மூன்றாவது, எடை குறைந்த பொருளையும் காற்று புகும் அமைப்பையும் தேர்தல் வேண்டும். வியர்வை வெளியேற வழியில்லாத வேடம் அணிந்தவர்க்குத் தண்டனையாகும். நான்காவது, எந்த ஒளியில், எத்தனை தூரத்திலிருந்து காண்பர் என்பதற்கேற்ப வண்ணமும் வரம்பும் அமைய வேண்டும். ஐந்தாவது, முற்ற முடிப்பதற்கு முன்னரே அணிந்து, நடந்து, அமர்ந்து, திரும்பிப் பார்க்க வேண்டும். நின்ற நிலையில் அழகாயிருந்து ஆடும்போது அவிழ்ந்து விழும் சிறகினால் பயன் என்ன?

இந்நெறிகள் நம் நாட்டுக்கு மட்டும் உரியன அல்ல. ஜெர்மனியில் ஆஸ்கர் ஷ்லெம்மர் என்னும் கலைஞர் 1922-ஆம் ஆண்டில் ஸ்டுட்கார்ட் நகரில் மேடையேற்றிய மும்மை நடனத்தில், உருண்டையும் கூம்பும் வளையமுமான உடைகள் நடனத்தின் அசைவையே வகுத்துத் தந்தன. மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்த டிரினிடாடின் திருவிழாவுக்காகப் பீட்டர் மின்ஷல் 1974-ஆம் ஆண்டில் படைத்த தேன்சிட்டு வேடம், அணிந்தவரின் உடலசைவினாலேயே சிறகு உயிர்பெறும்படி அமைந்து புகழ்பெற்றது. உடையும் உடலும் ஒன்றையொன்று ஆட்டுவிக்க வேண்டும் என்ற உண்மையை உலகின் பல மூலைகளிலும் கலைஞர் தாமே கண்டறிந்திருக்கின்றனர்.

இத்தகைய அறிவு எவரிடம் தங்கியிருக்கிறது, அது நாளையும் தங்குமா என்பதே இனி நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது. அரங்கில் நடிகர் பெயர் ஒலிக்கிறது. பாடகர் பெயரும் செண்டை முழக்குவோர் பெயரும் ஒலிக்கின்றன. தலைமாட்டில் அமர்ந்து மணிக்கணக்கில் சுட்டி குத்தியவர் பெயரையும், குமிழ மரத்தில் முடி செதுக்கியவர் பெயரையும் பெரும்பாலோர் அறியார். வள்ளத்தோள் நாராயண மேனனும் மணக்குளம் முகுந்த ராஜாவும் 1930-ஆம் ஆண்டில் நிறுவிய கேரள கலாமண்டலத்தில் சுட்டிக்கும் தனிப் பயிற்சி அளிக்கப்படுவது ஆறுதல் தருவது. 2006-ஆம் ஆண்டில் அது பல்கலைக்கழக நிலையை அடைந்தது. 2021-ஆம் ஆண்டு முதல் பெண்களும் அங்கே கதகளி பயிலச் சேர்க்கப்பட்டனர். கொச்சிக்கு அண்மையிலுள்ள திருப்பூணித்துறையிலோ, 1975-ஆம் ஆண்டிலேயே மகளிர் கதகளிக் குழு ஒன்று தோன்றிவிட்டது. ஆண் உடலை அளவாகக் கொண்டு வளர்ந்த முடியையும் உடையையும் மகளிர் அணிந்து ஆடிக் காட்டியமை, வேடத்தைத் தாங்குவது பயிற்சியே என்பதை மெய்ப்பித்தது.

பொருள்களின் நிலையும் மாறி வருகிறது. குமிழ மரம் கிடைப்பது குறையும்போது, எளிதில் வாங்கத்தக்க பிளாஸ்டிக்கும் செயற்கைப் பஞ்சும் அவ்விடத்தைப் பிடிக்கின்றன. மயிற்பீலிக்கும் கட்டுப்பாடு உண்டு: 1963-ஆம் ஆண்டில் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்ட மயில், 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முழுக் காவலில் இருக்கிறது. தானே உதிர்த்த பீலியே கலைக்கு உரியது. பொருள் மாறுவதால் கலை அழிந்துவிடும் என்று அஞ்சுவோரும் உளர். எப்பொருளாயினும் என்ன என்போரும் உளர். மாவு வரம்பின் இடத்தில் தாள் வந்தபோது சுட்டி அழியவில்லை. ஏனெனில் வரம்பு எதற்காக என்பதை அறிந்தவரே தாளைக் கொண்டுவந்தார். பயனை அறிந்து பொருளை மாற்றினால் கலை வளரும். பயனை மறந்து பொருளை மாற்றினால் கலை பொம்மையாகும். ஆதலால் காக்கவேண்டுவது மரத்தை மட்டுமன்று, அம்மரத்தைத் தேர்ந்த காரணத்தையும் ஆகும்.

தமிழகத்தை விட்டு வந்து பம்பாயிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் கொச்சியிலும் வாழும் நம் குடும்பங்களில், ஆண்டுதோறும் பொங்கல் விழாவுக்கும் பள்ளிக் கூடத்து விழாவுக்கும் பிள்ளைகளுக்கு வேடமிடும் வேலை வந்து சேர்கிறது. கடைக்குச் சென்று, ஒரே அச்சில் வார்த்த மயிலையும் பட்டாம்பூச்சியையும் வாடகைக்கு வாங்கி வந்துவிடுகிறோம். பிள்ளை அதை ஒரு மணி நேரம் அணிந்து வியர்த்து வருந்திக் கழற்றி எறிகிறது, கற்றது ஒன்றுமில்லை. அதற்கு மாறாக, ஒரு வார காலம் முன்னதாகப் பிள்ளையோடு அமர்ந்து, மயிலை மயிலாக்குவது எது என்று கேட்டுப் பாருங்கள். தோகையா, கொண்டையா, கழுத்தின் வளைவா, நடையா? பழைய வேட்டித்துணிக்குக் கஞ்சியேற்றி விறைப்பாக்கலாம். தென்னங்குச்சியையும் மூங்கில் சீவலையும் வளைத்துச் சிறகின் சட்டமாக்கலாம். பாக்குமட்டையை நனைத்து வளைத்து அலகு செய்யலாம். காவிக்கல்லும் மஞ்சளும் அடுப்புக்கரியும் அரிசிமாவும் அம்மட்டைமேல் தீட்டப் போதிய வண்ணங்கள். தோலுக்கும் தீங்கு செய்யா. சட்டத்தின் பாரம் தோளில் ஏறட்டும்; தலை விடுதலையாக இருக்கட்டும். வீட்டில் பாட்டி இருப்பாராயின், ஊர்த் திருவிழாவில் கண்ட பொய்க்கால் குதிரையின் கூடு எவ்வாறு இடுப்பில் நின்றது என்று கேளுங்கள். அவர் நினைவிலிருந்து வரும் ஒரு சொல், கடையில் கிடைக்கும் பத்து வேடங்களைவிட மதிப்புடையது.

கோட்டைக் கொச்சிக்குச் செல்லும் வாய்ப்புப் பெற்றோர், மாலைக் காட்சிகளுக்கு முன்னரே சென்று அமர்வாராக. அங்குள்ள அரங்குகள் சிலவற்றில் நடிகர் முகந்தீட்டிக்கொள்வதையும் பார்வையாளர் காண இடமளிக்கின்றனர். பின்பு மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவர்களையும் காண்பது நலம். சுவரில் நூற்றாண்டுகளாக அசையாது நிற்கும் முடிகளையும், மனிதக் கழுத்தின்மேல் அசைந்து வரும் முடிகளையும் அடுத்தடுத்துக் காண்போர்க்கு, எண்ணற்ற கைகளின் அறிவு இவ்விரண்டுக்கும் இடையே பாலமாக நிற்பது விளங்கும். ஆட்டம் முடிந்தபின் நடிகரை மட்டும் பாராட்டி மீளாமல், அணியறைக்குள் சென்று, மாவுபடிந்த விரல்களோடு நிற்கும் சுட்டிக் கலைஞருக்கும் ஒரு வணக்கம் கூறி வருவோமாக. அன்னத்துக்குச் சிறகு தந்தவர் அவரும் அவரை ஒத்தவர்களுமே.